பிடரிக்கு ஒரு ஆள்

ஒசெல்லா டக்கிளுக்கு இரங்கல் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் சபையில் யார் செத்தாலும் இது என்னிடம்தான் வந்து சேரும். நியூ ஆர்லியன்ஸில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அதுதான் காரணம். சனிக்கிழமை அடக்கத்தில் ஒசெல்லாவின் படம் போட்டு அச்சடித்த தாளைக் கொடுப்பார்கள். நான் எழுதியதை ஒருவர் எழுந்து நின்று வாசிப்பார். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று பாதிரியாரின் மனைவி சிஸ்டர் வெர்னா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு பக்கம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒரு எண்ணில் வந்து நிற்கிறேன். முப்பத்தொன்பது படங்களில் நடித்தவர் என்று கறுப்பர்களான எங்கள் ஆட்களின் வாரப் பத்திரிகை போட்டுவிட்டது. அது தப்பு. முப்பத்தெட்டுதான். ஏறக்குறைய முப்பது வருஷம் அவளோடு ஒரே வீட்டில் இருந்து, அவள் நடித்த ஒவ்வொரு படத்தையும் வயிறெரிந்து எண்ணியவள் நான். பாசம் வைத்தவர்கள் கணக்கில் தவறுவார்கள். பொறாமைக்காரி தவறமாட்டாள்.

ஒரு பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். இதை யாரும் எழுந்து நின்று வாசிக்க வேண்டாம்.

நாற்பத்தொன்றாம் தெருவில், சென்ட்ரல் அவென்யூவிலிருந்து நாலு வீடு தள்ளி, கீழ் முன்னறையில் அவள் இருந்தாள். மாடியறையில் நான். சமையலறை பொது. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போட்டாள், நான் துணிக்கடைக்குத் தைத்துக் கொடுத்தேன். இடையிடையே சினிமா ஸ்டுடியோக்களிலிருந்து அவளுக்கு அழைப்பு வரும். பருத்திக் காட்டில் பாட, காட்டுவாசிக் கூட்டத்தில் ஆட, வெள்ளைக்கார வீட்டில் தட்டு ஏந்தி நிற்க. எனக்கு வராது.

ஏன் வராது என்றால், நிறம். ஒசெல்லா நல்ல கறுப்பு. விளக்கு வெளிச்சம் பட்டால் எண்ணெய் ஏறிய இரும்புச்சட்டி மாதிரி பளபளப்பாள். எங்கள் குடும்பம் லூசியானாவில் நாலு தலைமுறையாகக் கலந்து கலந்து வெளுத்துப்போன குடும்பம். கறுப்பர் ஆட்களை ஸ்டுடியோவுக்குப் பிடித்துக் கொடுக்கும் ரூஃபஸ் டில்மன் எங்கள் ஆள்தான். அவரிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே பாட்டு.

"லியோன்டீன், உன்னைப் பாத்தா நம்மாளுதான்னு எனக்குத் தெரியும். காமிராவுக்குத் தெரியாதும்மா. வெள்ளைக்கார ஹீரோ பக்கத்துல உன்னை நிறுத்துனா பாக்குறவனுக்கு சந்தேகம் வந்துரும். கொஞ்சம் வெயில்ல காஞ்சிட்டு வாயேன்."

காய்ந்தேன். ஒரு கோடை முழுக்க மொட்டை மாடியில் கிடந்தேன். மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒசெல்லா கீழிருந்து கத்துவாள்.

"ஏ மஞ்சளு, திருப்பிப் போட்டுக்கடி, ஒரு பக்கம் மட்டும் வேகுது பாரு."

என் வெளிறிய நிறத்துக்காக என்னை அவள் மஞ்சளு என்றுதான் கூப்பிடுவாள். தெருவே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். மனசுக்குள் அவளைச் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டிருப்பேன்.

அவளிடம் ஒரு முழி இருந்தது. 'பயப்படு' என்று டைரக்டர் சொன்னதும் கருவிழியைச் சுற்றி வெள்ளை முழுக்கத் தெரியும்படி கண்ணை உருட்டுவாள், வாய் தொங்கும், முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். பேய் வந்தாலும் அதே முழிதான், போலீஸ் வந்தாலும் அதே முழிதான், எஜமானியம்மா கூப்பிட்டாலும் அதே முழிதான். தியேட்டரில் எங்கள் ஆட்களே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு இருமுவார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் அந்த முழியைப் பழகினேன். எனக்கு வந்தது. அவளைவிட நன்றாக வந்தது என்றுகூடச் சொல்வேன்.

அந்த முழி அவள் அப்பாவிடமிருந்து வந்தது. ஏமஸ் டக்கிள் தெற்கே ஊர் ஊராகக் கூடாரம் போட்ட ஒரு கறுப்பர் நாடகக் குழுவில் பாடி ஆடியவர். கறுப்பர்தான். ஆனாலும் மேடையேறும் முன் முகத்தில் கருக்கிய பாட்டில் தக்கைப் பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டு, வாயைச் சுற்றி மட்டும் அகலமாக விட்டுவிடுவார். கறுப்பு மேல் கறுப்பு. இதை முதல் தடவை கேட்டபோது எனக்குப் புரியவில்லை.

"அவரே கறுப்புதானேடி, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"டிக்கெட் எடுத்தவன் பாக்க வந்தது எங்கப்பாவ இல்லடி," என்றாள் ஒசெல்லா, பட்டாணி உரித்துக்கொண்டே. "எவனோ ஒரு வெள்ளைக்காரன் எப்பவோ கரியப் பூசிக்கிட்டு, இவனுங்க இப்படித்தான் இருப்பானுங்கன்னு ஆடிக் காட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நாங்க அவன் மாதிரி இருந்தாத்தான் நாங்கன்னு நம்புவாங்க. அப்பா அவன் முழிய எடுத்துக்கிட்டாரு. நான் அப்பா முழிய எடுத்துக்கிட்டேன்."

தக்கையை அடுப்பு மூடிமேல் எப்படிக் கருக்குவது, எவ்வளவு தண்ணீர் விட்டுக் குழைப்பது என்பதெல்லாம் சொன்னாள். "முகம், கழுத்து, கை எல்லாம் அவரே பூசிக்குவாரு. பிடரி மட்டும் எட்டாது, தெரியவும் தெரியாது. அது என் வேலை. நாலு வயசுலேருந்து எங்கப்பா பிடரிக்கு நான்தான். ஸ்டூல் மேல ஏறி நின்னு பூசுவேன். குழுவுல எல்லாருக்கும் பிடரிக்குன்னு ஒரு ஆள் இருக்கும், யார் கூட யாருக்குச் சண்டைன்னு பிடரியப் பாத்தாலே தெரிஞ்சிடும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. செய்முறையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் வசந்தத்தில் டில்மன் அவளிடம் ஒரு சேதி சொன்னார். ஒரு படம் வருகிறதாம். பணிப்பெண் வேஷம்தான், ஆனால் அந்தப் பணிப்பெண்ணுக்குப் பெயர் இருக்கிறதாம். ஹெஸ்டர். நோயில் கிடக்கும் வெள்ளைக்காரச் சின்னப் பெண்ணின் படுக்கையருகே நின்று, செத்துப்போன தன் பிள்ளைகளைப் பற்றி நாலு வரி பேச வேண்டும். முழி கிடையாது.

ஒசெல்லாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"பதினோரு படம் ஆச்சு, மஞ்சளு. பணிப்பெண் ஒண்ணு, பணிப்பெண் ரெண்டு, பயந்த சமையக்காரி. ஒரு பேரு கிடையாது எனக்கு. இனிமே என்னை வீட்ல ஹெஸ்டர்னு கூப்பிடுடி. காது பழகட்டும்."

"எனக்கு வேற வேலை இல்லை பாரு," என்றேன்.

"ஒரே ஒரு தடவை கூப்பிடேன். என்ன குறைஞ்சு போயிடுவ?"

நான் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து சமையலறையில் அவள் வெறுமனே நின்று பழகினாள். கண்ணை உருட்டாமல், முழங்கால் நடுங்காமல், கையைக் கோத்துக்கொண்டு நேராக நிற்பது. பதினோரு படம் முழித்தவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. பாத்திரம் விழுந்தால் முழி தானாக வந்துவிடும், அவளே தன் கன்னத்தில் தட்டிக்கொள்வாள். நான் கஞ்சி கிளறிக்கொண்டே பார்ப்பேன்.

எங்கள் தெருவில் அப்போது ஒரு போன்தான், எதிரே பர்விஸ் கேடியின் முடிதிருத்தும் கடையில். டில்மன் அங்கே அழைப்பார். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்து, சுவரில் தொங்கும் சிலேட்டில் எழுதிவிட்டு, உரியவரின் வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். அது தெருவின் சட்டம். அடுத்தவர் அழைப்பை யாரும் அமுக்கியது கிடையாது. எல்லாருக்கும் பிழைப்பு அந்தக் கம்பியில்தான் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கேடியின் மேல்துணிகளைத் தைத்து எடுத்துப் போயிருந்தேன். போன் அடித்தது. கேடி கையெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் தாடையில் கத்தி வைத்திருந்தார்.

"எடு தாயி," என்றார்.

டில்மன் அவசரத்தில் இருந்தார். "ஒசெல்லாகிட்ட சொல்லு. வியாழக்கிழமை விடியக்காலம், ஸ்டுடியோ பஸ்சு முனைக்கு வரும். ஹெஸ்டர் வேஷம். கேட்ல அவ பேரு எழுதி வச்சிருக்கும். நான் வரல, ஊருக்குப் போறேன்."

"சொல்றேன்," என்றேன்.

"யாரும்மா?" என்று கேடி கேட்டார்.

"துணிக்கடைலேருந்து. எனக்குத்தான்."

சிலேட்டில் நான் எதுவும் எழுதவில்லை. தெருவைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். கால் நடுங்கவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் நடுங்கியது என்று சொன்னால் கொஞ்சம் நல்லவளாகிவிடுவேன்.

மறுநாள் அவள் சலவைக்கடையில் இருந்த நேரம் பார்த்து அடுப்பு மூடிமேல் தக்கைகளைக் கருக்கினேன். மதுவிலக்கை நீக்கியிருந்த சமயம், தக்கைக்குப் பஞ்சமில்லை. பொடித்து ஒரு பவுடர் டப்பாவில் அடைத்தேன். அவள் வீட்டுக்குள் வந்ததும் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள்.

"என்னடி கருகுது?"

"ரொட்டி."

அவள் இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பாசடீனாவில் ஒரு அம்மாவுக்கு அளவெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டுடியோவில் எங்கள் ஆட்களுக்கென்று குதிரைலாயத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அன்று அங்கே நான் ஒருத்திதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. நெற்றி, கன்னம், காது, கழுத்து, கை என்று நிதானமாகப் பூசினேன். தலையில் துணியை இறுக்கிக் கட்டி, கழுத்து வரை பொத்தான் போட்டேன். கண்ணாடியில் ஒரு கறுப்புப் பெண் என்னைப் பார்த்தாள். பரவாயில்லை, ஒசெல்லாவைவிட மூக்கு எடுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒசெல்லா டக்கிள்?" என்று பெயர்ப் பட்டியல்காரன் கேட்டான். "ஆமாங்க" என்றேன். என் முகத்தை அவன் இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை. கறுப்பாக இருந்தது, அவனுக்கு அது போதும்.

அதே படத்தில் பெரிய வெள்ளைக்கார நட்சத்திரம் ஒருவன் ஒரு பாட்டுக்குக் கரி பூசிக்கொண்டு ஆடுகிறான். அவன் அறைக் கதவு திறந்திருந்தது. தோல் வைத்த நாற்காலி, சுற்றிலும் விளக்கு போட்ட கண்ணாடி, கழுத்தில் வெள்ளைத் துண்டு. மேக்கப்காரர் ஒருவர் அவனுக்குப் பின்னால் நின்று ஸ்பாஞ்சினால் பிடரியில் ஒற்றி ஒற்றிப் பூசிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே பார்த்தேன். பார்த்தும் எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. நான் அந்த நாற்காலியைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன். ஒசெல்லா மேலிருந்த பொறாமை போதாதென்று இவன் மேலும் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அவன் அந்த முகத்தோடேயே கேன்டீனுக்குள் போனான். அவனுக்குப் பின்னால் நானும் போனேன். வாசலில் இருந்தவள் கையை நீட்டி மறித்தாள்.

"உங்க ஆளுங்களுக்குப் பின்பக்கம் கொண்டு வந்து குடுப்பாங்க."

"இப்ப ஒருத்தர் போனாரே, இதே முகத்தோட," என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அவரு கழுவினா போயிடும்," என்றாள் அவள், கோபமே இல்லாமல்.

எனக்கும் கழுவினால் போகும். அதை அவளிடம் சொல்ல முடியுமா? லாயத்தின் பின்னால் உட்கார்ந்து கறி வைத்த ரொட்டியைத் தின்றேன். இத்தனை நாள் ஒசெல்லா இங்கேதான் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேன்டீனில் பெரிய நடிகர்களோடு சாப்பிட்டதாக அளப்பாள். நான் அதையும் நம்பி அதற்கும் வயிறெரிந்திருக்கிறேன்.

காட்சி எடுத்தார்கள். படுக்கையருகே நின்று நாலு வரியையும் சொன்னேன். "ரெண்டு பிள்ளைங்களப் புதைச்சவ நான், சின்னம்மா. மறுநா காலைலயும் வெயில் வந்துச்சு. நான் எழுந்து அடுப்ப மூட்டினேன். நீங்களும் எழுந்துருவீங்க." சமையலறையில் ஒசெல்லா நின்ற மாதிரியே கையைக் கோத்து நின்றேன். அது அவளுடைய நிற்பு. டைரக்டர் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப சோகம். முடிவுல மெழுகுவத்தி கீழ விழட்டும். நீ முழிச்சிக்கிட்டு, குனிஞ்சு கட்டிலுக்கடியில தேடு. ஜனங்க சிரிச்சிட்டு வெளிய போகணும்."

முழித்தேன். கண்ணாடி முன்னால் பழகியது வீண்போகவில்லை. குனிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரே தடவையில் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒசெல்லா கேடியின் கடையிலிருந்து குழம்பிப்போய் வந்தாள்.

"டில்மன் என்னவோ உளர்றாருடி. நான் நல்லாப் பண்ணியிருந்தேனாம். ஸ்டுடியோல சொன்னாங்களாம். எதைப் பண்ணேன் நான்?"

"அவருக்கு அறுபது பேரு. யாரையோ நினைச்சு உன்கிட்ட சொல்லியிருப்பாரு," என்றேன்.

"அப்ப ஹெஸ்டர் எப்பவாம்? இவரு பாட்டுக்குப் போன வச்சிட்டாரு."

"வரும்போது வரும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

இலையுதிர்காலத்தில் படம் எங்கள் தியேட்டருக்கு வந்தது. போகவேண்டாம் என்று எவ்வளவோ சாக்கு சொன்னேன். சிஸ்டர் வெர்னா சபைப் பெண்களையெல்லாம் திரட்டிவிட்டாள், ஒரு வரிசை முழுக்க நாங்கள். ஒசெல்லா எனக்கு வலப்பக்கம். கரி பூசிய நட்சத்திரம் ஆடினான், எங்கள் வரிசை உம்மென்று இருந்தது. பிறகு நோயாளிப் பெண்ணின் அறை. கதவு திறந்தது, நான் வந்தேன்.

"ஹெஸ்டர்," என்று கூப்பிட்டாள் படுக்கையிலிருந்த பெண்.

பக்கத்தில் ஒசெல்லா நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியது எனக்குத் தெரிந்தது. நாலு வரியும் திரையில் ஓடின. நான் நன்றாகத்தான் சொல்லியிருந்தேன். இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஒரு கூட்டம் அழுகிறது, எழுந்து நின்று அது நான்தான் என்று சொல்லத் துடித்தேன். அப்போது மெழுகுவர்த்தி விழுந்தது, நான் முழித்தேன், குனிந்தேன்.

தலைத்துணிக்கும் சட்டைக் கழுத்துக்கும் நடுவில், நாலு விரல் அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று என் பிடரி.

"அட பாவிகளா," என்றாள் சிஸ்டர் வெர்னா உரக்க. "வெள்ளைக்காரிக்குக் கரியப் பூசி விட்டிருக்கானுங்கடி."

தியேட்டர் கொதித்தது. சீட்டி, காலால் தரையில் உதை. படத்தை நிறுத்து என்று பின்வரிசையில் கத்தினார்கள். எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் ஒசெல்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன் வேஷம்டி அது. உன் வாய்ச் சோத்தப் பிடுங்கி அவளுக்குக் குடுத்துட்டானுங்க." ஒசெல்லா அழுதுகொண்டிருந்தாள். முதுகைத் தடவ ஆறு கை. எனக்கு வந்த ஒரே வேஷம் அந்தத் திரையில் ஓடுகிறது, அங்கேயும் எல்லாக் கையும் அவள் முதுகில்தான். அப்போதுகூட எனக்குப் பொறாமைதான் வந்தது.

ஸ்டுடியோவுக்குக் கண்டனக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. யார் எழுதுவது? முத்துமுத்தான கையெழுத்து யாருக்கு? 'எங்கள் பெண்களின் பிழைப்பைப் பறித்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தில் கரி பூசி' என்று சிஸ்டர் வெர்னா சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் பெயர் மூன்றாவது.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் வெர்னா அதைச் சபைக்கு வாசித்தாள். தங்கள் படத்தில் எந்த வெள்ளைக்காரப் பெண்ணும் அந்த வேஷத்தில் நடிக்கவில்லை என்றும், நடித்தவர் கறுப்பினத்தைச் சேர்ந்த செல்வி ஒசெல்லா டக்கிள் என்றும், அன்றைய பட்டியலில் அவர் பெயரே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது.

வாசித்தவளுக்கே குரல் இறங்கிவிட்டது. சபை மொத்தமும் திரும்பி ஒசெல்லாவைப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அதன் அட்டையில் இருந்த கிழிசல்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"என்ன ஒசெல்லா இது?" என்றாள் சிஸ்டர் வெர்னா. "அங்க உக்காந்து அழுதியே?"

ஒசெல்லா எழுந்து நின்றாள். கையைக் கோத்துக்கொண்டு, நேராக. அவள் வாய் திறந்தால் நான் அந்தத் தெருவில் ஒரு நாள் கூட இருக்க முடியாது. அடுத்தவர் அழைப்பை அமுக்கியவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள், யார் தைக்கத் துணி கொடுப்பார்கள்?

"நான்தான் அது," என்றாள். "முழிக்க மாட்டேன்னு உங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டேன். அங்க போயி முழிச்சிட்டேன். அந்த வெக்கத்துல அழுதேன்."

"அப்ப அந்தப் பிடரி?"

"பவுடரு கொட்டிடுச்சு. விடுங்களேன் சிஸ்டர்."

நம்பினார்களோ இல்லையோ, விட்டுவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர்கள் விடவில்லை. தான் நடித்த படத்தின் மீது தானே ஆள் திரட்டிப் புகார் எழுதுகிற வம்புக்காரி என்று பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். பதினாலு மாதம் கேடியின் போன் அவளுக்கு அடிக்கவில்லை. டில்மனுக்கு எல்லாம் புரிந்திருக்கும், ஆனால் அவர் ஆள் பிடிக்கிறவர், வழக்குத் தீர்க்கிறவர் இல்லை. அவள் இஸ்திரிதான் போட்டாள். பிறகு அழைத்தபோது பழைய மாதிரியே, பணிப்பெண் ஒன்று, பணிப்பெண் இரண்டு. பெயர் வைத்த வேஷம் அவளுக்குச் சாகும்வரை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். அறை விழும் என்று காத்திருந்தேன். விழுந்தால் திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருந்தேன். ஆளுக்கொன்று விழுந்தால் சரிக்குச் சரியாகிவிடும்.

"எங்கப்பா வாசனை எனக்குத் தெரியாதா?" என்றாள், நிமிராமல். "ரொட்டியாம்."

இன்னும் இரண்டு காய் நறுக்கினாள்.

"நாலு வரியும் நல்லாச் சொன்ன, மஞ்சளு. நான் அவ்ளோ நல்லாச் சொல்லியிருப்பேனான்னு தெரியல." கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஆனா பிடரிக்கு ஒரு ஆள் வேணும்டி. எத்தனை தடவை சொல்லியிருக்கேன். என்கிட்ட கேட்டிருந்தா நானே பூசி விட்டிருப்பேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நாளும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுடைய மற்ற எதையும் நான் ஒருவேளை மன்னித்திருக்கிறேன், அந்த நிறம், அந்த அழைப்புகள், அந்த முப்பத்தெட்டு. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இன்னும் வயிறெரிகிறது. எனக்கு அது வந்திருக்காது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சபை நடுவில் திருடியவளின் தலைத்துணியை உருவி, பிடரியைக் காட்டியிருப்பேன்.

சிஸ்டர் வெர்னா இப்போது ஆள் அனுப்பிவிட்டாள், அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். தாளை எடுத்து முடித்துவிட்டேன். முப்பத்தொன்பது படங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டில் அவருக்குப் பெயர் இல்லை, ஒன்றில் அவர் பெயர் ஹெஸ்டர்.